இல்லை என்று எழுதாதவர்

நான் தட்டச்சு செய்த ஓர் அறிக்கையை ராத்தா இரண்டாவது தடவையும் திருப்பி அனுப்பிய அன்றைக்குத்தான் அவருக்கும் எனக்கும் முதல் மனஸ்தாபம் வந்தது. இரண்டு தடவையும் ஒரே வரிக்காக.

கண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏறும் வீதியோரம், ஒடுக்கமான மூன்று மாடிக் கட்டடம் ஒன்றில் எங்கள் ஆய்வுகூடம் இருந்தது. கீழே கவுன்டர், நடுவில் இரத்தப் பரிசோதனை, மேலே கிருமிப் பகுதி. மேல்மாடி ராத்தாவின் பொறுப்பு. கவுன்டரில் நான். மேலிருந்து வருகிற முடிவுகளைக் கணினியில் ஏற்றி, ஆங்கில அறிக்கையின் அடியில் நோயாளிக்குப் புரிகிற மாதிரி சிங்களத்திலும் தமிழிலும் ஒவ்வொரு வரி சேர்ப்பது என் வேலை. வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். இரண்டு மொழியும் எழுத வரும் என்பதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஒரு குழந்தையின் மலப் பரிசோதனை. தமிழ் வரியில் 'கிருமி இல்லை' என்று போட்டிருந்தேன். ராத்தா அதை வெட்டிவிட்டு, 'நாங்கள் தேடிய கிருமிகள் காணப்படவில்லை' என்று எழுதி அனுப்பினார். அவ்வளவு நீளம் எதற்கு என்று நான் 'கிருமி காணவில்லை' என்று மாற்றினேன். அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் தாளை எடுத்துக்கொண்டு நானே மேலே ஏறிப்போய், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"நீங்க ஊட்டுக்குள்ள குடையத் தேடுறீங்க. காணல்ல. அதுக்காக ஊட்டுல குடை இல்லெண்டு செல்ல ஏலுமா? அலுமாரிக்குப் பின்னால பாத்தீங்களா?"

அலுமாரிக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, கீழே ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஆனால் அவர் சொன்னபடியேதான் அடித்துக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போடாமல் எந்தத் தாளும் வெளியே போகாது.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்தார். ஆனால் முஸ்லிம்கள் மூத்த சகோதரியை அழைக்கிற அந்த ஒரு சொல்லாலேயே நாங்கள் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். சிங்களப் பிள்ளைகளும் ராத்தா என்றுதான் சொன்னார்கள். அப்போது ஐம்பதை நெருங்கியிருப்பார். மாத்தளை வீதியில் ஒரு மணித்தியாலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவார். வந்ததும் படியில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, வீங்கிய பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பெருமூச்சோடு எழும்பி இரண்டு மாடியும் ஏறுவார். லிஃப்ட் கிடையாது.

அறிக்கையில் மட்டுமல்ல, சாதாரணப் பேச்சிலும் அவர் வாயிலிருந்து 'இல்லை' சுலபத்தில் வராது. பஸ் வருமா என்று கேட்டால், வராது என்று சொல்லமாட்டார். "இன்னம் காணல்ல" என்பார். தலைவலி போய்விட்டதா என்றால், "இப்ப தெரிய இல்ல" என்பார். பகல் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவரும் கோபிக்காமல் இடியப்பத்தைப் பிய்த்தபடி சிரிப்பார். மேனேஜருக்கு மட்டும் அது சிரிப்பாக இருக்கவில்லை. ஆட்கள் பணம் கட்டி வருவது ஒரு பதிலுக்காக, சந்தேகத்தைக் கொண்டு போவதற்காக அல்ல என்பது அவர் கட்சி.

மலத்தைக் கொண்டு வருகிறவர்களை ராத்தா ஒருபோதும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. ஜாம் போத்தலில் வரும், யோகட் கோப்பையில் வரும், சில தாய்மார் என்ன செய்வதென்று தெரியாமல் பம்பர்ஸோடேயே சுருட்டிக்கொண்டு வருவார்கள். நான் மூக்கைப் பொத்துவேன். அவர் இறங்கி வந்து, இதிலிருந்து எடுக்க ஏலாது என்பதைத் தாழ்ந்த குரலில் விளங்கப்படுத்தி, புதுக் குப்பியொன்றைக் கையில் கொடுத்து, எப்படி எடுப்பது என்று காட்டுவார். குழந்தையின் உச்சந்தலைக் குழியைத் தொட்டுப் பார்ப்பார். உடம்பில் நீர் வற்றி அது உள்வாங்கியிருந்தால் குப்பியை மறந்துவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவார்.

ஒருமுறை கடுகண்ணாவையிலிருந்து ஒரு கடைக்காரர் ஏழு மாதப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது நாளாக வயிற்றோட்டம். இரண்டு இடத்தில் சோதித்து ஒன்றும் அகப்படவில்லையாம். மூன்றாம் நாள் ராத்தா தாமே அறிக்கையை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். கிருமி தெரிந்திருந்தது. குடலில் ஒட்டிக்கொள்கிற ஒரு வகை ஈகோலை.

எல்லோருடைய குடலிலும் ஈகோலை இருக்கிறது, அதில் பெரும்பாலானது சும்மா இருந்துவிட்டுப் போகிறது என்று அவருக்கு ராத்தா சொன்னார். ஒட்டத் தெரிந்த வகையும் கிருமி வளர்க்கிற கண்ணாடித் தட்டில் அதே இளஞ்சிவப்புப் பொட்டாகத்தான் வளரும். முகத்தை வைத்து அடையாளம் காண முடியாது. அதற்கென்று வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரு திரவம் இருக்கிறது. கண்ணாடித் துண்டில் கிருமியோடு ஒரு சொட்டைக் கலந்தால், அது ஒட்டுகிற வகையாக இருந்தால் பால் திரிந்தது போலக் கட்டிகட்டியாகும். அந்த மற்ற இரண்டு இடத்திலும் அதைச் செய்திருக்கமாட்டார்கள்.

ஒட்டினால் என்ன என்று அந்த மனிதர் கேட்டார்.

"குடலுக்கு உள்பக்கம் மொட்டையா ஈக்கிறல்ல. வெல்வட் துணி மாதிரி, சின்னச் சின்னதா மயிர் நெறைய ஈக்கு. தண்ணியையும் சத்தையும் உறிஞ்சிறது அதுதான். இந்தக் கிருமி சும்மா போய் ஒட்டுறல்ல. ஊசி மாதிரி ஒண்டால தன்ட சாமான் ஒண்டை உள்ளுக்கு அனுப்பும். அது குடல்ட தோல்ல வந்து நிக்கும். அதைத்தான் இது இறுக்கிப் புடிச்சிக்கொள்ளும். பொறகு அந்த எடத்துல மயிரெல்லாம் அழிஞ்சி போய், குடலே இதுக்கு ஒரு மேடை கட்டிக் குடுக்கும்."

"நம்மட குடலேவா?"

"ஓ, நம்மட குடலே."

உறிஞ்ச ஆளில்லாததால்தான் குடிக்கிற தண்ணீரெல்லாம் வழிந்தோடுகிறது, அதற்காகத் தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள் என்று சொன்னார். ஓ.ஆர்.எஸ். பைக்கெட்டை ஆறின கொதிநீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, பால் கொடுக்கிற சூப்பிப் போத்தலைத் தூக்கி எறியவேண்டும், மற்றதை டொக்டர் பார்த்துக்கொள்வார் என்றார். பிள்ளை சுகமாகி, இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் ஒரு பை நிறைய ரம்புட்டான் கொண்டு வந்தார். ராத்தா நாலைந்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கவுன்டரில் வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

பிறகு அந்த வருடம் வந்தது. சமையல் காஸுக்கும் பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம். எங்களுக்கு மருந்துச் சாமான்கள் வருவது நின்றுபோனது. அந்தத் திரவம் ஒருநாள் தீர்ந்தது. புதியது எப்போது வரும் என்று இறக்குமதி செய்கிறவருக்கே தெரியவில்லை. கரண்ட் பலமுறை போனது. தட்டுகளை வைக்கும் பெட்டியின் சூடு போகாமல் ராத்தா அதற்குப் பழைய கம்பளி சுற்றி வைத்தார். மனிதர்களுக்குப் பேசவே அலுப்பாக இருந்த காலம் அது. கவுன்டரில் நிற்பவர்கள் வேறொரு வரிசையிலிருந்து நேராக இந்த வரிசைக்கு வந்திருப்பார்கள். யார் முகத்திலும் உறக்கம் இருக்காது.

திரவம் தீர்ந்த அன்றிலிருந்து குழந்தைகளின் அறிக்கையில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கச் சொன்னார் ராத்தா. 'ஒட்டும் வகை ஈகோலைக்காகச் சோதிக்கப்படவில்லை.' மேனேஜர் ஒரு வாரம் பொறுத்தார். பிறகு, செய்யாததை எல்லாம் எழுதினால் அடுத்த தெருவில் இருக்கிற ஆய்வுகூடத்துக்குத்தான் ஆட்கள் போவார்கள் என்று சொல்லி, அந்த வரியை எடுத்துவிடும்படி என்னிடம் சொன்னார். நான் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை, கையெழுத்துக்குப் போன அறிக்கைகள் எல்லாவற்றிலும் அதே வரியை ராத்தா பேனாவால் எழுதி அனுப்பியிருந்தார். மேனேஜர் மேலே போய்ச் சத்தம் போட்டதும் கேட்டது. ராத்தாவின் குரல் கேட்கவில்லை. அடுத்த நாளும் பேனாவால் எழுதியிருந்தது.

எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. எல்லோரும் எப்படியாவது நாளைத் தள்ளினால் போதும் என்றிருக்கும்போது இவருக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு என்று நினைத்தேன்.

என் அக்கா எங்கள் தோட்டத்தில் புள்ளக்காம்பராவில் ஆயாவாக இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம் அது. பதினைந்து பிள்ளைகள். காலையில் தாய்மார் சூப்பிப் போத்தலில் எதையாவது கரைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பால்மா கிடைக்காததால் அநேகமாக நீர்த்த பால், சில நாள் வெறும் தேத்தண்ணீர். முன்பெல்லாம் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் தாய்மார் இறங்கி வந்து பால் கொடுப்பார்கள். அந்த வருடம் பறிக்கிற கொழுந்தின் எடை குறைகிறது என்று அதையும் ஒருதடவையாக்கிவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை அக்கா தொலைபேசியில் பேசினாள். நாலு பிள்ளைகளுக்கு வயிற்றால் போகிறது என்றாள். பல் வருகிற வயசு, அதனால்தான் என்று எல்லாரும் சொல்கிறார்களாம். ஆனால் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பல் வருமா என்று அவளுக்கே பயமாக இருந்தது. தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் மலத்தைச் சோதிக்க எங்கள் ஆய்வுகூடத்துக்கே அனுப்பியிருந்தார்.

முடிவு வந்த வியாழக்கிழமை ராத்தா வரவில்லை. டீசல் இல்லாமல் அவர் பக்கத்து பஸ் ஒன்றும் ஓடவில்லை. இரத்தப் பகுதியில் இருந்தவர் அவருக்குப் பதிலாகத் தட்டுகளைப் பார்த்து, வழக்கமாகத் தேடுகிற இரண்டு கிருமிகளும் வளரவில்லை என்று குறித்துக் கீழே அனுப்பினார். இன்னும் இருபது நிமிடத்தில் கரண்ட் போகும். கவுன்டரில் பதினைந்து பேர். நான் நாலு அறிக்கையின் அடியிலும் 'கிருமி இல்லை' என்று தமிழில் அடித்தேன். அவசரம் ஒரு காரணம். அக்காவின் பயம் தீரட்டும் என்று நினைத்ததும் ஒரு காரணம். இரத்தப் பகுதிக்காரரே கையெழுத்துப் போட்டார்; பேனாவால் எழுத அன்று யாரும் இருக்கவில்லை.

தோட்டத்தில் அந்தத் தாளைக் காட்டி, கிருமி இல்லை, பல்தான் வருகிறது, எல்லாரும் வேலைக்குப் போகலாம் என்றார்கள். காம்பரா திறந்தே இருந்தது. ஆறு நாளுக்குப் பிறகு அந்த நாலில் ஒரு பெண்பிள்ளை, ஐந்து மாதம், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனது. பெற்றோல் இருக்கிற ஓட்டோ ஒன்றைத் தேடிப் பிடிக்கவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அக்கா இதைச் சொல்லும்போது நான் கவுன்டரில் இருந்தேன். போனை வைத்துவிட்டு அடுத்த ஆளின் பெயரைக் கேட்டேன். அது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

மூன்று நாள் பொறுத்து ராத்தா அந்த அறிக்கைகளின் பிரதியோடு இறங்கி வந்தார். தட்டில் வளர்ந்ததில் ஒரு துளியை எடுத்துச் சின்னக் குப்பியில் போட்டு இரண்டு வாரம் குளிர்பெட்டியில் வைக்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் இல்லாத நாட்களிலும் அங்கே அது நடக்கும். அதைச் சரிபார்க்கும்போது தாள்களையும் பார்த்திருக்கிறார். தமிழ் வரியில் விரலை வைத்து, இதை யார் போட்டது என்று கேட்டார். நான் என்றேன். பிள்ளை இறந்ததையும் சொன்னேன்.

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தாளை மடித்தபடி, "அந்தக் காம்பரால இப்ப எத்தின புள்ள ஈக்கு?" என்று கேட்டார்.

பதினாலு என்றேன்.

அன்று பின்னேரம் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு அந்த நாலு குப்பியையும் வெள்ளை ரெஜிபோம் தக்கைப் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அவரோடு படித்த ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒட்டுவதற்கான மரபணு கிருமியில் இருக்கிறதா என்று பார்க்கிற வசதி அவரிடம் இருந்தது. பஸ் இல்லை. கெட்டம்பே வரைக்கும் யாரோ ஏற்றிப்போய் விட்டிருக்கிறார்கள். அங்கிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். மறுநாள் அவரால் சரியாகப் படியேற முடியவில்லை. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. நாலில் மூன்றில் அது இருந்தது. இறந்த பிள்ளையினுடையதும் அந்த மூன்றில் ஒன்று.

பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதப்போகிறேன் என்று ராத்தா சொன்னபோது நான் மேல்மாடிக்கு ஓடினேன். அதுவரைக்கும் அவரிடம் சொல்லாததைச் சொன்னேன்.

"ராத்தா, அங்க போத்தல் கழுவுறது எங்கக்கா. நீங்க எழுதினா அவளத்தான் புடிப்பாங்க. மத்தப் புள்ளைங்களுக்கு நானே போய் மருந்து வாங்கிக் குடுக்கிறேன். இத இதோட விட்டுடுங்க."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். நான் அழுதேன்.

"உங்கட அக்கா எண்டு எனக்குத் தெரியா, தங்கச்சி. தெரிஞ்சிருந்தாலும் எழுதத்தான் வேணும். பதினாலு புள்ள."

கடிதம் அன்றைக்கே போனது. மறுநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து காம்பராவை மூடினார். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு அப்போதே நீர் வற்றிப்போயிருந்தது. அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றினார்கள். ஒருநாள் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று அங்கே தாதி ஒருவர் சொன்னாராம். அந்த வாரக் கடைசியில் தோட்ட நிர்வாகம் அக்காவை வேலையை விட்டு நிறுத்தியது. சுத்தமில்லாமல் வேலை செய்தாள் என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

அக்கா என்னோடு பேசவில்லை. லயத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தோனியார் படத்துக்கு முன்னால் அவள் மெழுகுதிரி கொளுத்தவில்லை என்று அத்தான் சொன்னார். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னை அங்கே கூட்டிப்போகச் சொன்னார் ராத்தா. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். வத்தேகமயிலிருந்து தோட்டத்து மேட்டை அவர் ஏறி முடிக்க ஒரு மணித்தியாலமானது. அக்கா எழும்பி வந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து கேட்டாள்:

"மிஸ், என் கையாலதானா அந்தப் புள்ள செத்துச்சு?"

நான் ராத்தாவின் முகத்தையே பார்த்தேன். ஒரே ஒரு சொல் போதும். யாருக்கும் நட்டமில்லாத சொல். அதைச் சொல்லிவிட்டு நாங்கள் இறங்கிப் போய்விடலாம்.

"எனக்குத் தெரியா," என்றார் ராத்தா. "கையால வந்திருக்கலாம். தண்ணியால வந்திருக்கலாம். சூப்பியால, இன்னொரு புள்ளையால. அதை நான் பாக்கல்ல. பாக்காத ஒண்ட எப்பிடி ஓமெண்டோ இல்லெண்டோ செல்லுற?"

அக்கா அழுதாள். அந்த நிமிடத்தில் ராத்தாவை நான் வெறுத்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்ல முடியாதவர் எதற்காக இவ்வளவு தூரம் மேடேறி வந்தார் என்று நினைத்தேன்.

அவள் அழுது ஓயும்வரை ராத்தா எழும்பவில்லை. பிறகு, நீங்கள் போத்தல் கழுவுகிறதை எனக்குச் செய்து காட்டுங்கள் என்றார். அக்கா ஒரு பேசினைக் கொண்டு வந்தாள். பதினைந்து போத்தலையும் ஒரே பேசினில், ஒரே தூரிகையால், காம்பராவுக்கு வருகிற தண்ணீர்த் தாங்கியின் நீரில் கழுவியதைக் காட்டினாள். கொதிக்க வைக்கவில்லையா என்று ராத்தா கேட்டார். காஸ் முடிந்து இரண்டு மாதம், விறகு தாருங்கள் என்று மூன்று தடவை கேட்டுவிட்டேன், ஒவ்வொரு தடவையும் பார்ப்போம் என்றார்கள் என்றாள் அக்கா. தாங்கியைக் காட்டச் சொல்லி, ராத்தா அந்த வீங்கிய காலோடு காம்பராவின் பின்பக்கத்து மேட்டிலும் ஏறினார். தாங்கிக்கு மூடி இருக்கவில்லை. அதற்கு மேலே இன்னொரு லயத்தின் கழிவுநீர்க் கான் வெடித்து ஓடிக்கொண்டிருந்தது.

அதையெல்லாம் அவர் இரண்டாவது கடிதத்தில் எழுதினார். ஆயா விறகு கேட்டதையும் கொடுக்கப்படாததையும் கண்ணால் கண்ட தாங்கியையும் எழுதி, கிருமி யாரால் வந்தது என்று எந்தச் சோதனையும் காட்டவில்லை என்று முடித்திருந்தார். அந்தக் கடிதத்தால் தாங்கிக்கு மூடி வந்தது, கான் திருத்தப்பட்டது, காம்பராவுக்கு மின்சார அடுப்பு வந்தது, பத்து மணிக்குத் தாய்மார் மறுபடி இறங்கி வந்தார்கள். அக்காவுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அவளுக்குக் கொடுத்த தாளிலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தார்கள். அவள் கொழுந்துக்குப் போனாள். முழங்கால் வாதத்தால் கொஞ்ச நாளில் அதையும் விட்டாள்.

அந்த வருடக் கடைசியில் ராத்தாவின் ஒப்பந்தத்தை மேனேஜர் புதுப்பிக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவர் போவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னால், இறந்துபோன பிள்ளையின் தாய் கவுன்டருக்கு வந்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. கையில் நான் அடித்த தாள்.

பிள்ளை எதனால் செத்தது என்று கேட்க வந்ததாகச் சொன்னாள். லயத்தில் பல் வந்து செத்தது என்கிறார்களாம். மாமியார், இவளுடைய பால் கெட்டுப்போய்த்தான் செத்தது என்கிறாளாம்.

ராத்தாவைக் கூப்பிட்டேன். அவர் வருவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. "தமிழ்ல இத எழுதினது நான்தான்," என்றேன்.

அவள் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. விளங்காத மாதிரிப் பார்த்தாள். "எனக்கு வாசிக்கத் தெரியுங்க. அன்னிக்கு நானேதான் வாசிச்சேன். இல்லைன்னு இருந்துச்சு. அதனாலதான் புள்ளைய விட்டுட்டு வேலைக்குப் போனேன்."

நான் ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் போட்டேன்.

ராத்தா அவளைப் பக்கத்தில் இருத்தி, கடுகண்ணாவைக் கடைக்காரருக்குச் சொன்னதையெல்லாம் இன்னும் மெதுவாகச் சொன்னார். பால் இதற்குக் காரணமே அல்ல, தாய்ப்பால் இந்தக் கிருமியை ஒட்டவிடாமல் தடுக்கப் பார்க்கிற சாமான், அதை நான் உறுதியாகச் சொல்லுவேன் என்றார். அதைத் தாளில் எழுதித் தரமுடியுமா என்று அவள் கேட்டாள். என்னைத்தான் எழுதச் சொன்னார். பிள்ளையின் பெயர், கிருமியின் பெயர், பால் காரணமல்ல என்ற வரி. கீழே ராத்தா தம்முடைய முழுப்பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை அங்கேயே இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

ராத்தா இப்போது தன் ஊரிலேயே சின்ன ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறார். நான் எப்போதாவது போன் எடுப்பேன். பேச்சு அதிகம் இருக்காது. இரண்டு பேருக்கும் களைப்பு.

போன மாதம் அவரிடம் சொல்ல ஒரு செய்தி இருந்தது. அந்தத் தாய்க்கு மறுபடி ஒரு பிள்ளை பிறந்து நாலு மாதமாகிறது. காம்பராவில் இப்போது எல்லா வசதியும் இருந்தும் அவள் பிள்ளையை அங்கே விடவில்லை. எங்கள் அக்காவிடம் கொண்டுவந்து விடுகிறாள். நீ ஏன் அவளிடம் விடுகிறாய் என்று லயத்தில் கேட்டதற்கு, அவங்கதான் பயந்து பயந்து பாப்பாங்க என்று சொன்னாளாம். அக்கா வீட்டில் சூப்பிப் போத்தலே கிடையாது. பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அக்கா பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள். தாய் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பால் கொடுக்கிறாள். முடியும்வரை அக்கா பக்கத்தில் நிற்கிறாள்.

ராத்தா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவையா ஏறுற?" என்றார் பிறகு. "அவட முழங்காலுக்குத் தேய்க்க ஒரு எண்ணெய் ஈக்கு. அனுப்புறன்."